ஙௌ என்னும் எழுத்து

கணினி விளையாட்டைப் பற்றி நாம் எழுதப் புகுந்தோம் என்று கேள்வியுற்றால், நம்மை அறிந்த அன்பர்கள் நகைப்பார்கள். ஊத்துக்கோட்டையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலுமாக 32 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, ஆரணியாற்றுப் பக்கமிருந்து வரும் காற்றைத் திண்ணையில் அமர்ந்து வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதில் என்ன வேலை என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நம் வீட்டில் நிகழ்ந்த ஒன்றை எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை. வாசகர் இல்லங்கள் பலவற்றில் இன்று கணினி கற்ற பிள்ளைகள் இருக்கின்றார்கள். அவர்கள் அறையில் நடுநிசிக்குப் பின்னும் விளக்கெரியக் கண்டு, ‘என்னதான் செய்கின்றான் இவன்’ என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதும் உண்டு. நாமும் அவ்வாறு சலித்துக்கொண்டவர்தாம்.

நம் மகள் வயிற்றுப் பேரன் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் பணிபுரிகின்றான். ஷிப்டு வேலை. கம்பெனிப் பேருந்தில் போய்வரும் நேரம் போக, மிஞ்சிய பொழுதெல்லாம் மடிக்கணினியோடுதான் அவன் வாசம். பொழுதுபோக்காக விளையாட்டுகளை ஆடுகின்றான் என்றுதான் நாம் முதலில் எண்ணியிருந்தோம். ஆடுகின்றவன் அல்லன், ஆக்குகின்றவன் என்பது 2021 ஆம் ஆண்டு ரமளானில்தான் நமக்குத் தெரிய வந்தது.

கொரோனாவின் இரண்டாவது அலை வீசிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடமும் இல்லை, மதரஸாவும் இல்லை. அதற்கு முன்பெல்லாம் நம் துணைவியார் அஸருக்குப் பின் தெருப் பிள்ளைகளை முற்றத்தில் அமர்த்தி அலிஃப், பேயும், அ, ஆவும் ஒருங்கே கற்பிப்பது வழக்கம். அந்த முற்றம் வெறிச்சோடிக் கிடந்தது. பேரன் ஒரு நாள் அவரிடம் வந்து, “நன்னி, நீங்க எழுத்தெல்லாம் சொல்லுங்க, நான் பதிவு பண்ணிக்கிறேன். பிள்ளைகள் போனிலேயே படிச்சுக்கும்” என்றான்.

அவன் எண்ணியிருந்த விளையாட்டு எளியது. ஓர் ஏரி. அதில் ஒரு படகு. எழுத்துகளைச் சுமந்த மீன்கள் குறுக்கும் நெடுக்குமாக நீந்தும். ஒரு குரல் ‘கொ’ என்று சொல்லும். கொ என்னும் எழுத்தைச் சுமந்த மீனைக் குழந்தை விரலால் தொட்டால் அது படகில் வந்து விழும். தவறான மீனைத் தொட்டால் கரையில் நிற்கும் பூநாரைகள் பறந்துபோய்விடும். ஏரியும் பூநாரையும் ஏன் என்றால், நம் துணைவியார் பிறந்த ஊர் பழவேற்காடு. நன்னி மகிழ்வார் என்று அவன் அப்படிச் செய்தான்.

பகல் வேளைகளில், தெருவில் அரவம் அடங்கிய நேரம் பார்த்து, அவன் கைப்பேசியை நீட்ட, அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி வந்தார். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. அரபி எழுத்துகள் 28. மொத்தம் 275 ஒலிகள். நோன்பு நாவு வறண்டிருந்த போதும் ஓர் எழுத்தையும் அவர் அவசரப்படுத்தவில்லை. ஙகர வரிசை வந்தது. ஙி, ஙீ, ஙு என்று சொல்லிக்கொண்டே வந்தவர் ஙௌ அருகில் வந்ததும் நின்று, நம் பக்கம் திரும்பி, “இந்த எழுத்தில் ஒரு சொல்லாவது உண்டா? தமிழ் வாத்தியார்தானே, சொல்லுங்கள்” என்றார். இல்லை என்றோம். “ஒரு சொல்லுக்கும் உதவாத எழுத்துக்கு இவ்வளவு பாடா!” என்று கூறி, ‘ஙௌ’ என்று சொன்னார். சொன்ன கையோடு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். பதிவு அதையும் வாங்கிக்கொண்டது.

2022 மார்ச்சில் அவர் இறையடி சேர்ந்தார். அந்தப் பதிவுகளைத் தவிர அவர் குரலாக நம்மிடம் வேறொன்றும் இல்லை.

இனி, விளையாட்டை ஆக்கும் கருவியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அதற்குக் கேம் எஞ்சின் என்று பெயர். ஆசிரியப் பணிக்கு வருமுன் நாம் சென்னை மண்ணடியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தோம். அச்சகத்தை எண்ணினால் இது எளிதில் விளங்கும். நூல் வெளியிடுகின்றவர் அச்சு இயந்திரத்தைத் தாமே வார்த்துக்கொள்வதில்லை. இயந்திரமும் எழுத்துகளும் மையும் ஆயத்தமாக இருக்கும். அவர் கொண்டுவருவது கைப்பிரதி மட்டுமே. அதுபோல, படத்தைத் திரையில் காட்டுவது, ஒலியை எழுப்புவது, ஒன்றோடொன்று மோதுவதை அறிவது, விரல் பட்டதை உணர்வது ஆகிய பொது வேலைகளை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். மீன் எது, படகு எது, எப்போது எது நிகழ வேண்டும் என்பதை ஆக்குகின்றவன் எழுதுகின்றான்.

பேரன் கையாண்ட எஞ்சினின் பெயர் கோடாட். அர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் என்னும் இருவர் தொடங்கியது. 2014 இல் அதன் மூல நிரலை உலகத்தார் அனைவர்க்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டார்கள். சாமுவேல் பெக்கெட்டின் நாடகத்தில் எல்லாரும் காத்திருக்க, இறுதிவரை வாராத அந்தக் கோடாட்டின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கின்றார்கள். முடிவே இல்லாத வேலை என்று முதலிலேயே ஒப்புக்கொண்ட பெயர்! அதன் மூன்றாம் பதிப்பு வரிசை 2018 ஜனவரியில் வந்தது. நான்காம் பதிப்பு 2023 மார்ச் முதல் நாள் வெளிவந்தது. பேரனின் விளையாட்டு மூன்றாம் பதிப்பில் ஆனது.

மூன்றாம் பதிப்பில் ஒரு குறை இருந்தது. ஆங்கிலம் எழுதுகின்றவர்களுக்கு அது குறையாகவே தோன்றாது. தமிழ் எழுதுகின்றவனுக்கோ அது முழுக் குறை. ‘கெ’ என்பதைக் கணினி தன் நினைவில் வைக்கும்போது ககரத்தை முதலிலும் கொம்பை அடுத்தும் வைக்கின்றது. திரையில் காட்டும்போது கொம்பு இடப்பக்கம் வர வேண்டும். ‘கொ’ என்றால் ஒரு குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு மருங்கிலும் நிற்க வேண்டும். ‘கு’, ‘சு’, ‘ரூ’ என்று வரும்போது எழுத்தின் உருவமே ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக மாற வேண்டும். மண்ணடி அச்சகத்தில் அச்சுக்கோப்பவர் கண்ணை மூடிக்கொண்டு கொம்பை முதலில் எடுத்து வைப்பார். எழுத்தறிவு அதிகம் இல்லாதவராக இருந்தும் அவர் அதில் பிழை செய்து நாம் கண்டதில்லை. கோடாட்டின் மூன்றாம் பதிப்போ நினைவில் இருந்த வரிசையிலேயே எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தது. கொம்பு ஒருபுறம், எழுத்து ஒருபுறம். அரபியின் நிலை இன்னும் பரிதாபம். வலமிருந்து இடமாகக் கைகோத்துச் செல்ல வேண்டிய எழுத்துகள், கை விரித்து, எதிர்த்திசையில், தனித்தனியே நின்றன.

எழுத்து கற்பிக்கும் விளையாட்டில் எழுத்தே பிழையாக வந்தால் என் செய்வது? பேரன் 247 தமிழெழுத்துகளையும் 28 அரபி எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் படமாக வரைந்து மீன்களின் மேல் ஒட்டினான். எஞ்சினுக்கு அவை எழுத்து என்பதே தெரியாது, மீனின் செதிலைப் போல அவையும் படமே. தனி எழுத்துகள் உள்ளவரை இந்த உபாயம் செல்லும். சொல் என்று வந்தால் செல்லாது. நம் பகுதி மதரஸாவின் உஸ்தாத் ஒரு முறை, “எழுத்தைப் பிள்ளைகள் பிடித்துவிட்டார்கள் தம்பி, சொற்களும் வந்தால் நன்றாயிருக்குமே” என்றார். ஆயிரம் சொற்களுக்கு ஆயிரம் படம் வரைவதற்கு ஷிப்டு வேலைக்காரனுக்கு ஆயுள் போதாது.

நான்காம் பதிப்பு அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. எழுத்துகளை இடமறிந்து கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்னும் மென்பொருளைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்பஹ்போத் என்பவரின் உழைப்பால் வளர்ந்தது அது. அதன் பெயரை அவன் சொன்னதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ‘ஹர்ஃப்’ என்றால் எழுத்து என்பதை மதரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ‘பாஸ்’ என்பது பாரசீகத்தில் திறந்தது என்று பொருள்படும். அரபிச் சொல்லும் பாரசீகச் சொல்லும் சேர்ந்த ஒரு பெயர், உலகத்துக் கணினிகளிலெல்லாம் அமர்ந்து தமிழின் கொம்பை இடப்பக்கம் எடுத்து வைக்கின்றது என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. அதை மறைப்பானேன்?

எனவே பேரன் பதிப்பை உயர்த்த முற்பட்டான். 2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்த இரவு. பழைய விளையாட்டின் கோப்புகளை நான்காம் பதிப்பில் திறந்ததும் ஓர் அறிவிப்பு வந்திருக்கின்றது. இது பழைய பதிப்பில் ஆனது, மாற்றியாக வேண்டும், மாற்றிய பின் பழைய பதிப்பில் திறக்க இயலாது என்பது அதன் சாரம். முன்னதாக நகல் எடுத்து வைத்துக்கொள்ளுமாறு எஞ்சினை ஆக்கியவர்கள் தம் வழிகாட்டியில் வலியுறுத்தியிருக்கின்றார்கள். காலையில் ஆறு மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவன், நகல் எடுக்கவில்லை. சரி என்று அழுத்திவிட்டான்.

அழுத்தியதும் திரை முழுவதும் சிவப்பு வரிகள். பெயர்களெல்லாம் மாறியிருந்தன. மீனுக்கு அவன் பயன்படுத்திய ‘கைனமேடிக் பாடி’ என்பது ‘கேரக்டர் பாடி’ ஆகிவிட்டது. படத்துக்குரிய ‘ஸ்பிரைட்’ என்பது ‘ஸ்பிரைட் டூ டி’ ஆயிற்று. பெயர் மட்டும் மாறியிருந்தால் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். பழகும் முறையே மாறியிருந்தது. ‘இவ்வளவு வேகத்தில் நகர்’ என்று ஒவ்வொரு முறையும் கட்டளையிடுவது பழைய முறை. வேகத்தை மீனின் உடைமையாக முன்னரே எழுதிவைத்துவிட்டு ‘நகர்’ என்று மட்டும் சொல்வது புதிய முறை. ஏரியின் நீர்ப்பரப்பைச் சிறு சிறு ஓடுகள் பதித்தாற்போல் அமைத்திருந்தான். ஓடு பதிக்கும் முறையும் மாறியதால் ஏரி இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. மீன்கள் அந்தரத்தில் அசையாமல் நின்றன. மாற்றித் தரும் கருவி சிலவற்றைத் தானே திருத்தியிருந்தது. திருத்தாமல் விட்டவை ஏராளம். திருத்துகின்றோம் என்று கெடுத்தவையும் சில உண்டு.

மறுநாள் நம்மிடம் அந்தப் பட்டியலைக் காட்டினான். நமக்கு அதில் ஒரு மாற்றம் மட்டும் பிடித்திருந்தது. ஒரு வேலை முடியும்வரை மற்றொன்று பொறுத்திருக்க வேண்டுமானால் பழைய பதிப்பில் ‘ஈல்டு’ என்று எழுதுவார்களாம். விட்டுக்கொடு என்பது அதன் நேர்ப்பொருள். புதிய பதிப்பில் ‘அவெய்ட்’, அதாவது காத்திரு. விட்டுக்கொடுப்பதற்கும் காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி நாம் சொல்லத் தொடங்கினோம். பேரன் கேட்கும் நிலையில் இல்லை.

ஆனால் அவன் தவிப்பு நமக்குப் புதிதன்று. 1978 இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தபோது நாம் அச்சகத்தில் இருந்தோம். பெரியார் 1935 முதல் தம் ஏட்டில் கையாண்ட வடிவங்களையே அரசு ஏற்றது. மாறியவை 13 எழுத்துகள்தாம். ணா, றா, னா முதலியன சுழி மாறித் துணைக்கால் பெற்றன. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் யானைத் துதிக்கை போன்ற பழைய குறியைத் துறந்தன. பதின்மூன்றே எழுத்து! அதற்கே எத்தனை குழப்பம்! பாதி கோத்த நூல்கள் பழைய வடிவிலும் மீதி புதிய வடிவிலும் ஆயின. ஒரே பக்கத்தில் இரண்டு ‘லை’ வந்து, மெய்ப்பைப் பார்த்த நூலாசிரியர் ஒருவர் நம்மைக் கடிந்துகொண்டதும் உண்டு. அச்சகத்து ஃபோர்மேன் செய்த ஒரு காரியம் நினைவிருக்கின்றது. உருக்கிவிடலாம் என்று முதலாளி சொன்ன பழைய எழுத்துகளை அவர் உருக்கவில்லை. ஒரு மரப்பெட்டியில் போட்டு, மேலே சீட்டு ஒட்டி, பரணில் வைத்துவிட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, “எது எப்போது வேண்டியிருக்குமோ” என்றார். அவ்வளவுதான் அவர் விளக்கம்.

பதிப்பு மாற்றத்தில் அகப்பட்டுத் தவித்தவர் நம் பேரன் மட்டும் அல்லர். அமெரிக்காவில் 1997 இல் அறிவிக்கப்பட்ட டியூக் நியூக்கெம் ஃபாரெவர் என்னும் விளையாட்டு, குவேக் 2 என்னும் எஞ்சினில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதைவிடச் சிறந்தது என்று அன்ரியல் என்னும் எஞ்சினுக்கு மாறினார்கள். அதன் பின்னரும் புதியதைக் கண்டபோதெல்லாம் ஆக்கியதை அழித்து ஆக்கிக்கொண்டே இருந்தார்கள். அது விற்பனைக்கு வந்த ஆண்டு 2011. இடையில் 14 ஆண்டுகள்! தொடங்கிய நிறுவனம் 2009 இல் அதை ஆக்கிய குழுவையே கலைத்துவிட, வேறொருவர் எடுத்து முடித்தார். (அந்த விளையாட்டு நம் வீடுகளில் புகத் தகுந்ததன்று. அதன் வரலாறு மட்டுமே நமக்குப் போதும்.) வேறொரு எஞ்சினுக்குப் போய்விடலாமே என்று நாம் கேட்டோம். யூனிட்டி என்னும் புகழ்பெற்ற எஞ்சின் 2023 செப்டம்பரில், விளையாட்டு ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்து, உலகெங்கும் எதிர்ப்பு எழ, ஓராண்டு கழித்து அதைக் கைவிட்ட கதையை அவன் சொன்னான். பிறர் வீட்டுத் திண்ணையில் கடை வைத்தவன் நிலை அது என்று நமக்குப் பட்டது.

மூன்று இரவுகளில் ஏரி திரும்பி வந்தது. மீன்கள் நீந்தின. ஆனால் குரல் இல்லை. படகு மௌனமாக மிதந்தது. கோப்புகளைத் திறந்து பார்க்கும் கட்டளை புதிய பதிப்பில் வேறாகிவிட்டதால், ஒலிக்குரிய நிரலேடு முழுவதுமே வேலை செய்யவில்லை என்றான். ஒரு வரியில் பிழை இருந்தாலும் அந்த ஏட்டையே எஞ்சின் ஒதுக்கிவைத்துவிடுமாம். நான்காம் இரவு அதையும் திருத்தினான். அப்போது எஞ்சின் வேறொன்று சொன்னது. அந்தக் கோப்புகளே இல்லை என்றது.

நடந்தது இதுதான். பழைய பதிப்பு தன் உபயோகத்துக்காக ‘இம்போர்ட்’ என்னும் பெயரில் ஒரு மறைவான ஃபோல்டரை வைத்திருக்கும். புதிய பதிப்புக்கு அது தேவையில்லை, அழித்துவிடலாம். பேரன் முதல் இரவே அந்தப் பெயரைத் தேடி, வந்தவற்றையெல்லாம் ஒரே அழுத்தலில், குப்பைக் கூடைக்கும் போகாதபடி அழித்திருக்கின்றான். ஆனால் 2021 இல், கைப்பேசியிலிருந்து கொண்டுவந்த நன்னியின் பதிவுகளை வைத்த ஃபோல்டருக்கும் அவன் ‘ஆடியோ இம்போர்ட்’ என்றே பெயரிட்டிருந்தான். தேடலில் அதுவும் வந்தது. அழிக்கப்பட்டவற்றுள் அதுவும் இருந்தது.

விடியற்காலையில் வந்து நம் கட்டிலருகே நின்றான். “நன்னா, நன்னி குரலை அழிச்சுட்டேன்” என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

நாம் கோபித்துக்கொண்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். “ஆரணியாற்றில் உயர்மட்டப் பாலம் கட்டினார்களே, தினமும் பார்த்துக்கொண்டுதானே போய் வந்தாய்? பழைய தரைப்பாலத்தை இடித்துவிட்டா தூண் எழுப்பினார்கள்? வெள்ளத்தில் மூழ்கும் பாலம்தான், மழைக்காலத்தில் பேருந்தே போகாத பாலம்தான். ஆனாலும் புதியது எழும்வரை ஊர் அதன்மேல்தானே நடந்தது?” என்றோம். சொன்ன பிறகு, அவன் முகத்தைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றிற்று. தொழிற்சாலையில் ஒரு பாகம் மாற்றினால் பழைய பாகத்தைச் சீட்டுக் கட்டி அலமாரியில் வைக்கும் வேலையைத்தான் அவன் நாள்தோறும் செய்கின்றான். தன் வீட்டுக் காரியம் என்பதால் தளர விட்டுவிட்டான்.

அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தான். நான்கு நாள்களாக அதே கணினியில் எழுதியும் அழித்தும் வேலை செய்திருந்தமையால் ஒன்றும் கிட்டவில்லை. பதிவு செய்த கைப்பேசியை இரண்டாண்டுகளுக்கு முன்பே கடையில் கொடுத்துப் புதியது மாற்றியாயிற்று. அந்த நாள்களில் நமக்கு உறக்கம் வரவில்லை. மனம் எங்கெங்கோ சென்றது. பரணில் நம் மாமியாருடைய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கின்றது. அதில் அரபுத் தமிழ் நூல்கள் மூன்று. அவர் தமிழெழுத்தை அறியாதவர். தமிழ் ஒலிகளுக்காக அரபி எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளியும் குறியும் கூட்டி நம் முன்னோர் அமைத்த அந்த எழுத்தில்தான் அவர் தமிழ் படித்தார். நம் துணைவியார் இரண்டையும் படிப்பார். நம் மகளுக்கு அரபுத் தமிழ் தெரியாது. துணைவியார் காலமான பின் அந்த மூன்று நூல்களையும் படிக்க வீட்டில் ஒருவரும் இல்லை. தாள் செல்லரிக்கவில்லை, மை மங்கவில்லை, எல்லாம் இருக்கின்றன. இரண்டே தலைமுறையில் திறக்க இயலாத கோப்பாகிவிட்டன. யாரும் எதையும் அழிக்கவில்லை. நாம் புதிய பதிப்புக்கு வந்துவிட்டோம், அவ்வளவே.

ஐந்தாம் நாள் நம் மகள்தான் வழி காட்டினாள். அவள் கைப்பேசியில் அந்த விளையாட்டு 2022 இன் பிற்பகுதியில் ஏற்றியபடி அப்படியே இருந்தது. “இதில அம்மா குரல் வருதே, இதிலிருந்து எடுக்க முடியாதா?” என்றாள். பேரன் துள்ளி எழுந்தான். ஆண்ட்ராய்டுச் செயலி என்பது கட்டிவைத்த மூட்டை போன்றது. அவிழ்த்துப் பார்த்தால், மூன்றாம் பதிப்பு தனக்கேற்ற வடிவில் மாற்றி அடுக்கிய கோப்புகள் உள்ளே இருக்கும். அவற்றை மீண்டும் பழைய உருவுக்குக் கொண்டுவரக் கோடாட் ஆர்.இ. டூல்ஸ் என்றொரு கருவியை அன்பர்கள் சிலர் ஆக்கி இலவசமாக வழங்குகின்றார்கள். நல்ல வேளையாக, ஓ.ஜி.ஜி. வகை ஒலிகளை எஞ்சின் சிதைக்காமல் உறை மட்டும் மாட்டி வைக்குமாம். அன்றிரவு இஷாவுக்குப் பின் 275 ஒலிகளும் வந்து சேர்ந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்றோம். பேரன் முதல் வேலையாக மூன்று இடங்களில் நகல் எடுத்தான்.

நாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தோம். அ, ஆ, இ, ஈ. ககர வரிசை முடிந்தது. ஙகர வரிசை. ஙௌ.

‘ஙௌ’ என்றது குரல். உடனே நின்றது.

“சிரிப்பு எங்கே?” என்றோம். பேரனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு நினைவு வந்து தலை குனிந்தான். நன்னி காலமான பின், விளையாட்டைச் செப்பம் செய்தபோது, தேவையற்ற ஓசைகளை எல்லாக் கோப்புகளிலும் வெட்டியிருக்கின்றான். விசிறி ஓசை, தெருவில் போன வண்டி ஓசை, இருமல். அவற்றோடு இதுவும். “பிழைன்னு நெனச்சுட்டேன் நன்னா” என்றான். வெட்டாத மூலப் பதிவுதான் அழிந்த ஃபோல்டரில் இருந்தது.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. 275 ஒலிகள் மீண்டதற்கு நன்றி செலுத்த வேண்டிய இரவில் ஒரு சிரிப்பைக் கேட்டு நிற்பது நன்றி கெட்டதனம் என்று எண்ணிக்கொண்டோம். அப்படி எண்ணியும் பயனில்லை.

அடுத்த வாரம் மதரஸாவுக்குச் சென்றிருந்தபோது, சொற்கள் வரும் புதிய விளையாட்டு எந்த அளவில் இருக்கின்றது என்று உஸ்தாத் வினவினார். தாமதத்தின் காரணத்தைச் சொன்னோம். அவர் நம் பேச்சை இடைமறித்து, “அம்மா சிரிக்கும் அந்த எழுத்தா? பிள்ளைகள் எப்போதும் அதைத்தானே தேடித் தேடிப் பிடிக்கின்றன” என்றார்.

அலமாரியிலிருந்து ஒரு டேப்பை எடுத்து வந்தார். 2021 இல் பேரன் தன் பழைய டேப்பில் விளையாட்டின் முதல் வடிவத்தை ஏற்றிப் பிள்ளைகளுக்கென்று கொடுத்திருந்தானாம். பிறகு அவனே அதை மறந்துவிட்டான். கண்ணாடியில் குறுக்காக ஒரு கீறல். மின்கலம் உப்பி, பின்மூடி சற்றே பிளந்திருந்தது. சார்ஜர் வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். புதிய வடிவம் வந்தபோதெல்லாம் இதில் ஏற்றச் சொல்லி உஸ்தாத் கேட்டாராம். பழைய கருவி, வீண் வேலை என்று பேரன் தட்டிக் கழித்திருக்கின்றான். அந்தச் சோம்பலுக்கு நாம் இன்று நன்றி கூறுகின்றோம்.

ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தரையில் அமர்ந்து அதை இயக்கிக் காட்டினாள். படகு வந்தது. பூநாரைகள் நின்றன. மீன்களை அவள் தள்ளித் தள்ளித் தேடி, ‘ஙௌ’ வந்ததும் தொட்டாள். எழுத்தைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிறுமியும் சிரித்தாள். நாம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அந்த மூட்டையும் அன்றே அவிழ்க்கப்பட்டது. விசிறி ஓசையும் தெரு வண்டியும் இருமலும் உட்பட, வெட்டப்படாத 275 பதிவுகளும் கிடைத்தன. புதிய வடிவில் எதை வைப்பது என்று பேரன் நம்மைக் கேட்டான். அது ஆக்குகின்றவன் முடிவு என்று சொல்லிவிட்டோம். அவன் இருமலை வெட்டிவிட்டு மற்றவற்றை வைத்திருக்கின்றான் என்று அறிகின்றோம்.

நான்காம் பதிப்பில் சொற்கள் இப்போது பிழையின்றி வருகின்றன. ‘கொக்கு’ என்று எழுதினால் கொம்பும் காலும் தம்தம் இடத்தில் நிற்கின்றன. அரபிச் சொற்கள் கைகோத்து வலமிருந்து நடக்கின்றன. அந்தப் பழைய டேப்பில் மட்டும் இந்தப் புதிய வடிவம் ஓடாது. ஓப்பன் ஜி.எல். இ.எஸ். 2.0 என்னும் பழைய வரைகலை முறையை மட்டும் அறிந்த கருவி அது. நான்காம் பதிப்போ அந்த முறையைக் கைவிட்டுவிட்டது. கோடாட்டை ஆக்குகின்றவர்களும் நான்காம் பதிப்பு வந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு, 2024 செப்டம்பரில், மூன்றாம் பதிப்பு வரிசையிலேயே 3.6 என்று ஒன்றை வெளியிட்டிருக்கின்றார்கள். பழைய கருவிகளோடு இருப்போரை அவர்கள் மறக்கவில்லை போலும்.

உப்பிய மின்கலத்தோடு பிள்ளைகள் கையில் கொடுப்பது ஆபத்து என்று பேரன் திருவள்ளூருக்கு எடுத்துச் சென்று வேறு மின்கலம் மாற்றி வந்தான். உள்ளே ஒன்றையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நாமே கொண்டுபோய் உஸ்தாத் கையில் கொடுத்தோம். புதிய விளையாட்டு ஏற்றியிருக்கின்றதா என்று அந்தச் சிறுமி கேட்டாள். இதில் ஏறாதாம், பழையதுதான் இருக்கின்றது என்றோம். அவள் வாங்கிக்கொண்டு, சார்ஜரில் மாட்டக்கூட நில்லாமல், ஙகர வரிசையைத் தேடத் தொடங்கினாள்.